காப்பிக் கடை கடைசியில் வரட்டும்

இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காத சொந்தக்காரர்கள் இன்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த லீவில் உங்களில் பலர் வெளிநாடு போய்ப் படம் போட்டிருந்தீர்கள். ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் ஓரம் மேசை போட்டு ஒருத்தி காப்பி குடிக்கிறாள். வெனிஸில் படகு பார்த்தபடி தம்பி மகனும் மருமகளும். சிங்கப்பூர் போட் கீயில் 1998 செட் பையன்கள் நாலு பேர். எல்லாவற்றுக்கும் லைக் போட்டேன். நன்றாக இருங்கள். தண்ணீர் ஓரம் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பதைவிட நல்ல பொழுது மனுஷனுக்கு அமையாது.

எனக்கு உறுத்தியது படத்துக்குக் கீழே எழுதியதுதான். "நம்ம கூவம் ஓரம் இப்படி உட்கார முடியுமா? நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் எந்த ஜென்மத்திலும் வராது" என்று ஒருவர். "பக்கிங்காம் கால்வாய் ஓரக் குடிசைகளை எல்லாம் தூக்கிட்டு வரிசையா கஃபே போட்டா சென்னையும் ஐரோப்பாதான்" என்று இன்னொருவர். இரண்டுக்கும் ஏகப்பட்ட கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடம் பூகோளம் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன். முதலாவது பேச்சு பொய். இரண்டாவது பேச்சு அநியாயம்.

முதலில் ஒழுக்கம்.

லண்டன்காரர்களுக்குப் பிறவியிலேயே ஒழுக்கம் இருந்ததா? 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்துக்கு "மகா நாற்றம்" என்று பெயரே வைத்தார்கள். நதி ஓரம் இருந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் உட்கார முடியவில்லை. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் சட்டம் போடுகிறவர்களின் மூக்கில் ஏறிய பிறகுதான் காசு ஒதுக்கும் சட்டம் வேகமாக நிறைவேறியது. பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டினார். லண்டன் மக்களுக்கு யாரும் நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை. குழாய் பதித்தார்கள்.

நீங்கள் படம் எடுத்த ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களும் அப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டில் வெட்டியவை. 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை. அவையும் பல தலைமுறைகளுக்கு வீட்டுக் கழிவை வாங்கிக்கொண்டு கோடையில் நாறியவைதான். பிறகு சாக்கடைக்குத் தனி வழி போட்டார்கள், மதகுகளைத் திறந்து மூடித் தண்ணீரை ஓட வைத்தார்கள். நீங்கள் குடித்த காப்பிக்கு அடியில் அத்தனை குழாய் இருக்கிறது. படத்தில் அது விழாது.

இப்போது சிங்கப்பூருக்கு வருகிறேன். இது நமக்கு நெருக்கமான கதை. சிங்கப்பூர் நதியில் ஆரம்ப காலத்தில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள், நம் ஆட்கள். பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. போட் கீயிலிருந்து கூப்பிடு தூரத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட். அங்கேதான் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்தினார்கள். 98 செட் பையன்களே, நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்த கரை உங்கள் பாட்டன்மார் மூட்டை இறக்கிய கரை.

அந்த நதி 1970-களில் எப்படி இருந்தது தெரியுமா? இன்றைய கூவத்துக்கு அக்கா. சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவு, பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, நடைபாதைக் கடைகளின் மிச்சம், படகுகளின் எண்ணெய், எல்லாம் அதில்தான் கலந்தன. 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் அந்த நதியில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கெடு வைத்தார்.

அடுத்த பத்து ஆண்டுகளில் நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். பாடமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் கழிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை மூலத்திலேயே நிறுத்தினார்கள். குடிசைகளில் இருந்தவர்களுக்கு அரசு அடுக்குமாடி வீடு. தெருவோரம் விற்றவர்களுக்குக் குழாயும் சாக்கடையும் உள்ள உணவு அங்காடி. பண்ணைகள் மூடல். 1983-ல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு இடமாற்றம். மூலம் நின்ற பிறகுதான் சேற்றை அள்ளினார்கள். 1987-ல் வேலை முடிந்தது. போட் கீயின் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவித்தது 1989-ல். கிளார்க் கீ திறந்தது 1993-ல்.

அதாவது கெடு வைத்ததற்கும் கஃபே வரிசை வந்ததற்கும் நடுவில் 16 வருஷம். முதலில் சாக்கடை, அப்புறம் ஆறு, அப்புறம் நடைபாதை, கடைசியில்தான் காப்பி. நாம் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு புத்தகம் படித்துவிட்டோம் என்கிறோம்.

"டீச்சர், அது சின்ன தீவு. ஒரே கட்சி. சொன்னால் நடக்கும். இங்கே நடக்குமா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சரி, பாரிஸை எடுத்துக்கொள்வோம். போராட்டமும் தேர்தலும் நம்மைவிட ஓயாத ஊர். சேன் நதியில் குளிக்கக் கூடாது என்று 1923-ல் தடை போட்டார்கள். 2024 ஒலிம்பிக்ஸை ஒட்டி 140 கோடி யூரோ அளவுக்குச் செலவு செய்து நதியைச் சரிசெய்தார்கள். மழை நாளில் சாக்கடை பொங்கி நதிக்குள் போகாமல் இருக்கப் பிரம்மாண்டமான நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். இன்னொரு வேலையும் செய்தார்கள், அதுதான் எனக்கு முக்கியம். நதியின் மேல்பக்கப் புறநகர்களில் மழைநீர்க் குழாயில் தவறாக இணைத்திருந்த வீட்டுக் கழிவுக் குழாய்களைத் தேடிப் பிடித்து மாற்றினார்கள். நதியில் மிதக்கும் வீட்டுப்படகுகளையும் சாக்கடையோடு இணைக்கச் சட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில் பொதுமக்கள் நதியில் இறங்கிக் குளித்தார்கள். பிரெஞ்சுக்காரன் வீட்டுக் குழாயும் தப்பான இடத்தில்தான் இருந்தது. அவனுக்கும் ஒழுக்கம் வானத்திலிருந்து விழவில்லை.

இனி நம் ஊர்.

பக்கிங்காம் கால்வாயைச் சாக்கடை என்று நினைத்தே வளர்ந்த தலைமுறை நீங்கள். அதன் கதையைச் சொல்கிறேன். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்து, பிறகு வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணம் பக்கமும் நீண்டு, மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர் ஓடிய உப்புநீர்க் கால்வாய். விறகும் உப்பும் நெல்லும் அதில்தான் சென்னைக்கு வந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் நகரப் பகுதி வெட்டப்பட்டது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில். பசியில் செத்துக்கொண்டிருந்த ஜனங்களைப் பஞ்ச நிவாரண வேலை என்று சொல்லி, கூலி கொடுத்து மண் வெட்ட வைத்தார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. ஐரோப்பியக் கால்வாய்களுக்கு எந்தச் சரித்திரம் உண்டோ அதற்குக் குறையாத சரித்திரம் இதற்கும் உண்டு.

அதை யார் கெடுத்தார்கள்? குடிசைக்காரர்கள் என்று கைதட்டினீர்கள். கணக்குப் போடுங்கள். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வாழும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் கழிவுநீர் வரும்? மூன்று குளியலறையும் வாஷிங் மெஷினும் உள்ள வீட்டில் எவ்வளவு வரும்? ஒரு நகரத்தின் கழிவுநீர் அந்த நகரத்தில் யார் தண்ணீரைச் செலவழிக்கிறார்களோ அவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் வரும். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேராமல் மழைநீர் வடிகாலுக்குள் நுழைந்துவிட்ட கழிவு ஒவ்வொரு சொட்டும் நேராக ஆற்றுக்குத்தான் போகும். கரையில் குந்தியிருப்பவன் கண்ணுக்குத் தெரிகிறான். கான்கிரீட் மூடிக்கு அடியில் போகும் நம் குழாய் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு வாங்கியிருக்கும் ஐ.டி. பிள்ளைகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்களில் சிலருடைய அடுக்குமாடிக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வரவில்லை. கழிவுநீர் லாரி வந்து எடுத்துப் போகிறது. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கும் பணம் கட்டுகிறீர்கள். அந்த லாரி எங்கே போய்க் காலி செய்கிறது என்று உங்கள் சங்கத்தில் ஒருமுறையாவது ரசீது கேட்டிருக்கிறீர்களா? பக்கிங்காம் கால்வாய் உங்கள் சாலைக்குப் பக்கத்திலேயேதான் ஓடுகிறது.

குடிசை ஆக்கிரமிப்பு என்கிறீர்கள். சரி. மயிலாப்பூரில் திருமயிலை ரயில் நிலையம் எதன் மேல் நிற்கிறது? போய்ப் பாருங்கள். 1990-களில் பறக்கும் ரயிலுக்குக் கால்வாயின் உள்ளேயே தூண் நட்டோம். ஓலைக் கூரை கரையில் இருந்தால் ஆக்கிரமிப்பு, கான்கிரீட் தூண் நடுத் தண்ணீரில் இருந்தால் வளர்ச்சி. ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அதில் போகிறவள்தான். அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன். 2004 சுனாமியின்போது கரையோரத்தில் பல இடங்களில் உள்ளே வந்த கடலை வாங்கிக்கொண்டது இதே கால்வாய். மழை வெள்ளத்தில் நகரத்துக்கு வடிகாலும் இதுதான். 2015 டிசம்பரில் மாடியில் நின்று படகுக்குக் கையாட்டியவர்கள் உங்களிலேயே இருக்கிறீர்கள். கால்வாய் அழகுப் பொருள் இல்லை. அதன் அகலம் உங்கள் உயிர்.

கரையில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்த இடத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். என் வகுப்பில் கூவம் கரைப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். கல்வியாண்டு நடுவில் வீடு காலி செய்யப்பட்டு, பரீட்சைக்கு இரண்டு பஸ் மாறி வந்த பெண்ணை எனக்குத் தெரியும். அவள் தேறினாள். அவள் தம்பி படிப்பை விட்டான். சரி, அவ்வளவு விலை கொடுத்தோமே, ஆறு சுத்தமானதா? அவர்கள் போன பிறகும் தண்ணீர் கறுப்பாகத்தானே ஓடுகிறது? அப்படியென்றால் கறுப்பு யாருடையது?

அவர்கள் வெள்ளத்தில் மூழ்கும் கரையிலேயே காலமெல்லாம் கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல வீடு கொடுங்கள், பக்கத்திலேயே கொடுங்கள் என்கிறேன். சிங்கப்பூரிலும் எல்லோரும் சந்தோஷமாகப் போய்விடவில்லை. தலைமுறையாகப் படகோட்டியவர்கள் கசப்போடுதான் போனார்கள். ஆனால் தெருவில் சமைத்து விற்றவனுக்கு அங்கே ஒரு கடை கிடைத்தது. அந்த அங்காடிப் பண்பாடு 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. துரத்தியவனைத் தொழிலோடு உட்கார வைத்தது அவர்கள் சாமர்த்தியம். நாம் அந்தப் பக்கத்தையும் கிழித்துவிட்டோம்.

இனி இரண்டாவது விஷயம். ஆறு சுத்தமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கரை யாருக்கு?

வெனிஸில் படம் போட்ட தம்பி மகனுக்கு இதைச் சொல்லவேண்டும். 2019-ல் இரண்டு ஜெர்மன் பயணிகள் ரியால்டோ பாலத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, தாங்கள் கொண்டுவந்த சின்ன அடுப்பில் காப்பி போட்டார்கள். நகராட்சி 950 யூரோ அபராதம் போட்டு ஊரைவிட்டே அனுப்பியது. படிக்கட்டில் அடுப்பு பற்ற வைப்பது சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால் செயின்ட் மார்க் சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையில் கொண்டுபோன ரொட்டியைத் தின்றாலும் அபராதம். பக்கத்தில் 1720-லிருந்து நடக்கும் புகழ்பெற்ற காப்பிக்கடையில் காசு கொடுத்தால் நாற்காலி. 2024-ல் சில நாட்களில் ஊருக்குள் வருவதற்கே 5 யூரோ சீட்டு வாங்கவேண்டியிருந்தது. அந்தப் பழைய நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022-ல் 50,000-க்கும் கீழே போய்விட்டது. பயணிகளுக்கு அறை வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம், வாடகை ஏறியது, ஊர்க்காரன் வெளியேறினான். கரை முழுக்கக் கடையானால் கரைக்குச் சொந்தக்காரன் இருக்கமாட்டான், வாடிக்கையாளன்தான் இருப்பான்.

எனக்குப் பயம் இதுதான். நம் ஊரில் ஆறு சுத்தமாகாமல் போய்விடுமோ என்பது ஒரு பயம். சுத்தமாகி, கண்ணாடிச் சுவர் எழும்பி, 250 ரூபாய்க் காப்பி வாங்குகிறவன் மட்டும் தண்ணீரைப் பார்க்கலாம் என்று ஆகிவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம். அந்தக் காப்பிக்குப் பால் பாத்திரம் கழுவ, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வருவாள். அவள் பிறந்தது அந்தக் கரையிலாக இருக்கும்.

மெரினாவைப் பாருங்கள். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு மணல் தேங்கி அகன்ற கடற்கரை அது. அதே மணல்தான் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது, அது வேறு பாடம். ஆனால் அங்கே யாரும் சீட்டுக் கேட்பதில்லை. கைவண்டி இழுப்பவரும் நீதிபதியும் ஒரே மணலில் உட்காருகிறார்கள். சுண்டல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காற்று ஒன்றுதான். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இந்த நல்ல பழக்கத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனால் ஐரோப்பாவே நம்மைப் பார்த்துப் படிக்கலாம்.

கஃபேக்கு நான் எதிரி இல்லை. என் கட்சி இதுதான்: காசில்லாதவனுக்கு முதலில் பெஞ்சு, நிழல், குடிதண்ணீர், பெண்கள் கூசாமல் போகக்கூடிய கழிப்பறை. கரை நெடுகத் தடுப்பில்லாத நடைபாதை. கரையில் வாழ்ந்தவர்களுக்கு அங்கேயே டீக்கடை வைக்க முதல் உரிமை. அதற்குப் பிறகு உங்கள் கஃபேயும் ஒரு மூலையில் வரட்டும். நானும் வந்து ஒரு டிகிரி காப்பி குடிக்கிறேன். சர்க்கரை இல்லாமல்.

சரி, வீட்டுப்பாடம். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. சித்திரை வெயிலில் எந்த மழை பெய்கிறது? மூன்று மனு கொடுத்தேன். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது முதல் அலுவலகத்தையே திருப்பிக் காட்டியது. 67 வயது டீச்சரைச் சுற்ற விடலாம். உங்களைச் சுற்ற விட முடியாது. உங்களில் பொறியாளர் இருக்கிறீர்கள், வக்கீல் இருக்கிறீர்கள், பத்திரிகையில் இருக்கிறீர்கள், ஒருத்தி கவுன்சிலராகவே இருக்கிறாள்.

ஒன்று, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கழிவுக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள். மழைநீர் வடிகாலில் சேர்ந்தால் மாற்றுங்கள். செலவு உங்களுடையது. இரண்டு, அடுக்குமாடிச் சங்கத்தில் லாரி ரசீது கேளுங்கள். மூன்று, உங்கள் தெரு வடிகாலில் மழையில்லா நாளில் தண்ணீர் ஓடினால் படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நான்கு, அடைப்பு எடுக்க மனுஷனைச் சாக்கடைக்குள் இறக்க விடாதீர்கள். 2013 சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் பாவம்.

செய்தவர்கள் கீழே எழுதுங்கள். "அருமை டீச்சர்", "சூப்பர் அத்தை" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. குழாய் எங்கே போகிறது என்று எழுதுகிறவர்களுக்கு நூற்றுக்கு நூறு.

உங்கள்
பூகோள டீச்சர்